கடந்து வந்த சொல்

தமிழ்த்துறையின் மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று துறைத்தலைவர் அன்புடன் பணித்தார்கள். இத்துறையில் பயின்று, பள்ளித் தமிழாசிரியனாகப் பணியாற்றி, 2019-இல் ஓய்வு பெற்றவன் நான். சங்கப் பாடல் ஒன்றையோ இசுலாமியத் தமிழ்க் காப்பியம் ஒன்றையோ எடுத்துக்கொண்டு எழுதுவதே முறை. ஆயினும் தாளை விரித்து அமர்ந்தபோது என்முன் வந்து நின்றது ஓர் ஆங்கிலச் சொல். நாலெழுத்துச் சொல், தமிழில் எழுதினால் ஈரெழுத்து. மாணவச் செல்வங்கள் நாள்தோறும் உச்சரிக்கும் சொல். ‘பாஸ்’ என்பதே அது.

ஆங்கிலத்தில் மிகச் சிறிய சொற்களுக்குத்தான் மிகப் பல பொருள்கள். ‘ரன்’ என்னும் வினை ஒன்றுக்கே 645 பொருள்களை ஆக்ஸ்போர்டு பேரகராதியார் வகுத்துள்ளனர் என்று 2011-இல் செய்தி வெளிவந்தது. ‘பாஸ்’ அந்த அளவுக்கு வரவில்லை எனினும் அதுவும் எளிய சொல்லன்று. அதன் பொருள்களுள் ஒன்றை மட்டும் அறிந்து மற்றொன்றை அறியாதிருந்ததால் ஒரு வீட்டில் நேர்ந்ததை முதலில் கூறிவிடுகின்றேன்.

தந்தி வந்த நாள்

பாம்பனுக்கு மேற்கே உள்ள கடற்கரை ஊர் எங்களுடையது. ஆடவரில் பெரும்பாலோர் கொழும்பிலும் மலேயாவிலும் வணிகம் செய்ய, பெண்களும் முதியோரும் சிறுவருமே ஊரில் இருந்த காலம் அது. என் தாய்மாமன்மாருள் இளையவர் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தார். பகலில் கடை; இரவில் கணக்கியல் படிப்பு. தேர்வு எழுதப் போவதாகவும், தேறினால் சம்பளம் உயரும் என்றும், துஆச் செய்யும்படியும் தம் தாயாருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அக்கடிதத்தை உம்மம்மாவுக்குப் படித்துக் காட்டியவன் நான்தான்.

1972-ஆம் ஆண்டு. நான் ஆறாம் வகுப்பு மாணவன். ஒரு முற்பகலில் தந்தி வந்தது. தந்திச் சேவகர் வழக்கமாகச் சிறிது நின்று, கையில் காசு பெற்றுக்கொண்டுதான் செல்வார். அன்று அவர் நிற்கவில்லை. உறையை என் கையில் கொடுத்துவிட்டுத் தலை குனிந்தவாறே மிதிவண்டியில் ஏறிப் போய்விட்டார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

தந்தியில் இருந்தவை சில சொற்களே. முதலில் மாமாவின் பெயர். அடுத்து ‘பாஸ்டு அவே’. பின்னர் ‘இன்று காலை’ என்பதற்கான ஆங்கிலம். ‘பாஸ்’ எனக்குத் தெரிந்த சொல். ஆண்டிறுதியில் தலைமையாசிரியர் பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது காது குளிரக் கேட்ட சொல். ‘அவே’ என்றால் தொலைவு என்பதும் பாடத்தில் படித்ததுதான். தொலைவிலுள்ள மாமா தேர்வில் பாஸாகிவிட்டார்! நான் முற்றத்தில் நின்று உரக்கக் கூவினேன்: “உம்மம்மா, சின்ன மாமா பாஸாயிட்டாக!”

உம்மம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரு கைகளையும் ஏந்தி இறைவனுக்கு நன்றி செலுத்தினார்கள். பிறகு அடுக்களைக்குச் சென்று சீனி டப்பாவை எடுத்து வந்தார்கள். பதினான்கு வயதான என் ராத்தா அதனைத் தட்டில் இட்டு, தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள்.

ஒரு மணி நேரம் சென்றிருக்கும். கொழும்பில் கடை வைத்திருந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் வீட்டுக்கும் தந்தி வந்திருந்தது. வாசலில் சீனித் தட்டைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று. “தந்திய யாரு படிச்சது?” என்று கேட்டார். நான் பெருமையோடு முன்னே வந்தேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் கைவைத்தபடி, உள்ளே இருந்த பெண்களுக்குக் கேட்கும்படி மெல்லிய குரலில் உண்மையைச் சொன்னார். மூன்று நாள் காய்ச்சலில் மாமா அன்று காலை மவுத்தாகிவிட்டார்.

அதன்பின் அவ்வீட்டில் எழுந்த ஓலத்தை இங்கு எழுத விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். சீனி பெற்ற பன்னிரண்டு வீட்டாரும் அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எவரும் அந்தச் சீனியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. சிறுவன் செய்த பிழையை மறைத்துக் காத்த அந்தப் பெருந்தன்மையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

கொழும்பிலேயே அடக்கம் நடைபெற்றது. உம்மம்மாவால் போக இயலவில்லை. அவர்களுடைய பாட்டனார் காலத்தில் தோணியேறி விருப்பம்போல் சென்றுவந்த கரை அது. 1972-இலோ பாஸ்போர்ட் இன்றி அங்கே கால்வைக்க முடியாது. இறுதிவரை தம் மகனின் கபுரை அவர்கள் கண்டதில்லை. ஒரே சொல் அந்த வீட்டை இருமுறை தாக்கிற்று என்பதை நான் பின்னரே உணர்ந்தேன்.

நாவில் நின்ற முள்

அன்று முதல் ‘பாஸ்’ என்னும் சொல்லை நான் சொல்வதில்லை. வகுப்பில் எவரேனும் கேட்டால் ‘தேறிவிட்டேன்’ என்பேன். ‘பஸ் பாஸ்’ என்று சொல்ல நேர்ந்தால் ‘பேருந்து அட்டை’ என்பேன். ஆசிரியர்கள் இதனைத் தமிழ்ப்பற்று என்று கருதிப் பாராட்டினார்கள். அது பற்றன்று, அச்சம். ஆயினும் அந்த அச்சமே என்னைத் தமிழ்ச் சொற்களைத் தேடவைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

1977-இல் பள்ளியிறுதித் தேர்வின் முடிவு வந்தது. வீட்டுக்கு ஓடிவந்தேன். “உம்மம்மா, நான்...” என்றதோடு நாக்கு நின்றுவிட்டது. அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எழுந்து போய்ச் சீனி எடுத்து வந்து என் வாயில் இட்டார்கள். பிறகு சொன்னார்கள்: “பாஸாயிட்டேன்னு வாய்விட்டுச் சொல்லு வாப்பா. அந்தச் சொல்லு என்ன பாவஞ் செஞ்சது? அன்னைக்கு நீ சொன்னதும் பொய்யா இருக்காது. எம் புள்ள நல்ல புள்ள. ரப்பு அவனப் பாஸாக்கித்தான் இருப்பான்.”

எழுதப் படிக்கத் தெரியாத அந்த முதியவர், ஒரு சொல்லின் இரு பொருள்களையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டார். எனக்கு அந்தப் பிணைப்பின் முழுப்பொருள் விளங்கப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின.

காலடியில் பிறந்த சொல்

இக்கல்லூரியில் சேர்ந்த பின்னர் ஒருநாள் நூலகத்தில் ஆங்கில அகராதியைத் துணிந்து எடுத்து, ‘பாஸ்’ என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். இலத்தீன் மொழியில் ‘பாஸுஸ்’ என்றால் காலடி, எட்டு. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது இச்சொல். உரோமானியப் படையினர் நடந்த நடையில் ஆயிரம் ‘பாஸுஸ்’ கொண்டது ஒரு மைல். ஆயிரம் என்பதற்குரிய ‘மில்லே’ என்னும் இலத்தீன் சொல்லே ‘மைல்’ ஆயிற்று. நம் ‘அடி’ என்னும் சொல்லும் பாதத்தையும், நீள அளவையும், பாட்டின் வரியையும் ஒருங்கே குறிப்பதை மாணவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆக, எடுத்து வைக்கும் ஒரு காலடிதான் இதன் முதற்பொருள். அடியெடுத்து வைத்தால் ஓரிடத்தைக் கடக்கிறோம். அக்கடத்தலே மற்றப் பொருள்களாய் விரிந்தது. மலையைக் கடக்க உதவும் வழியும் ‘பாஸ்’ ஆயிற்று. கைபர் கணவாய் அத்தகையது. இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் ஊரில் கணவாய் என்றால் மீன்காரியிடம் கறிக்கு வாங்கும் கடலுயிர். புவியியல் பாடத்தில் ‘கைபர் கணவாய் வழியே படைகள் வந்தன’ என்று படித்தபோது நான் என்ன எண்ணியிருப்பேன் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். பல பொருள் தருவது ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் உரிய குணமன்று. கடலிலும் உண்டு ‘பாஸ்’. இராமேசுவரம் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கப்பல் கடக்கும் பாம்பன் கால்வாயை ஆங்கிலேயர் ‘பாம்பன் பாஸ்’ என்றே குறித்தனர்.

தேர்வு என்னும் தடையைக் கடந்தவனும் பாஸ். அவையைக் கடந்த மசோதாவும் பாஸ். துறைமுகத்தைக் கடக்க இசைவு தரும் ஏடு ‘பாஸ்போர்ட்’. கடந்து செல்வோர் ‘பாசஞ்சர்’. எல்லையை மீறிக் கடந்தால் ‘டிரெஸ்பாஸ்’, அதாவது அத்துமீறல். பொழுதைக் கடத்துவது ‘பாஸ்டைம்’. நம் ‘பொழுதுபோக்கு’ என்பதும் சொல்லுக்குச் சொல் அதுவே. நம்மவர் அதனைத் திருப்பிப் போட்டு ‘டைம்பாஸ்’ ஆக்கி, கடற்கரையில் விற்கும் வறுகடலைக்கும் அதனையே பெயராக்கிவிட்டனர்.

முரண்களும் உண்டு. தேர்வில் விடை தெரிந்தவன் பாஸ். வினாடி வினாவில் விடை தெரியாதவன் ‘பாஸ்’ என்கிறான். படைப்பயிற்சியை முடித்தவர்கள் அணிவகுத்துச் செல்வது ‘பாசிங் அவுட் பரேடு’. அந்த அணிவகுப்பில் வெயில் தாளாது மயங்கி விழுந்தாலும் ‘பாஸ்டு அவுட்’தான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ‘பேஷன்’, ‘பேசிவ்’, ‘பேஷண்ட்’ முதலிய சொற்களைப் பார்த்து, இவையும் இந்தக் குடும்பமே என்று எண்ணிவிடலாகாது. அவை துன்புறுதல், தாங்கிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் வேரிலிருந்து தோன்றியவை. நாம் மேலதிகாரியை அழைக்கும் ‘பாஸ்’ டச்சு மொழியிலிருந்து வந்த தனிச்சொல். தமிழில் எழுதும்போது மட்டுமே இரண்டும் ஒன்றாய்த் தோன்றுகின்றன. ஓசை ஒற்றுமை உறவாகாது என்பது மொழிநூலின் முதற்பாடம்.

திறப்பதும் அடைப்பதும்

ஒரு சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இருப்பதில்லை. அதனைக் கையாளும் அதிகாரத்திலும் இருக்கிறது. ‘பாஸ்’ என்றால் கடந்து செல்லலாம் என்பது பொருள். ஆனால் பாஸ் வைத்திருப்போரே செல்லலாம் என்று விதித்துவிட்டால், திறப்பதற்கென்று பிறந்த சொல்லே கதவை அடைக்கும் தாழாகிவிடுகிறது.

இதற்குத் தென்னாப்பிரிக்காவினும் கொடிய சான்று வேண்டியதில்லை. டிரான்ஸ்வாலில் ஆசிய ஆடவர் விரல்ரேகை பதித்துப் பதிவுச் சான்று வைத்திருக்கவேண்டும் என்று 1907-இல் சட்டம் வந்தது. அதனை எதிர்த்து 1908 ஆகஸ்டு 16-இல் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியாப் பள்ளிவாசல் வெளியில், காந்தியடிகள் முன்னிலையில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றுகள் தீயிலிடப்பட்டன. குஜராத்தி முஸ்லிம் வணிகரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே திடலில் நின்ற நாள் அது. அங்கிருந்த தமிழரை ஒன்றுதிரட்டிய தம்பி நாயுடு இப்போராட்டத்துக்காகப் பலமுறை சிறை புகுந்தார்.

அந்நாட்டுக் கறுப்பின மக்களின் துன்பம் இதனினும் நீண்டது. 1952-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின் பெயரிலேயே ‘பாஸ் ஒழிப்பு’ என்று இருந்தது. நடைமுறையிலோ பதினாறு வயது கடந்த ஒவ்வொரு கறுப்பரும் ஒரு குறிப்பேட்டை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. பெயர் ஒழிப்பு, செயல் விரிவு. மொழியை இவ்வாறும் பொய்பேச வைக்கலாம். அந்த ஏட்டை எதிர்த்து 1960 மார்ச் 21-இல் ஷார்ப்வில் என்னும் ஊரில் கூடிய மக்கள்மீது காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். 1986-இல்தான் பாஸ் சட்டங்கள் நீக்கப்பட்டன. இன்று மார்ச் 21 உலகெங்கும் இனப்பாகுபாட்டு ஒழிப்பு நாளாக நினைவுகூரப்படுகிறது.

அடைபட்ட வழிக்கு மாற்று வழி காண்பதும் இதே சொல்தான். ஊருக்குள் நெரிசல் மிகுந்தால் புறவழிச்சாலை. இதயக் குழாய் அடைபட்டால் அங்கும் ‘பைபாஸ்’. அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் ரெனே பவலோரோ 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் காலிலிருந்து எடுத்த இரத்தக்குழாயைக் கொண்டு இவ்வறுவையை நெறிப்படுத்தினார். 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவில் இதனை முதன்முதலாக நிகழ்த்தினார். 2016-இல் எனக்கும் இவ்வறுவை நடைபெற்றது. என் காலிலிருந்த குழாய் ஒன்று இன்று என் இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்கிறது. காலடி என்று பொருள்படும் வேர்ச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடைக்குமா என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்தவாறே எண்ணிக்கொண்டேன். தமிழாசிரியனுக்கு எங்கும் பாடம்தான்.

உடன்வரும் சொல்

நான் அன்று செய்த பிழை எங்கே இருந்தது? ‘பாஸ்’ என்பதற்கு நான் கொண்ட பொருள் தவறன்று. அதன் பின்னால் வந்த ‘அவே’ என்னும் சிறு சொல்லை ஒரு பொருட்டாக மதியாததே தவறு. ஆங்கிலத்தில் இத்தகைய சிற்றிடைச் சொற்களே வினையின் தலைவிதியை எழுதுகின்றன. ‘பை’ வந்தால் அருகே கடந்து போதல். ‘ஆன்’ வந்தால் அடுத்தவரிடம் ஒப்படைத்தல். ‘அப்’ வந்தால் வாய்ப்பை நழுவவிடல். ‘அவுட்’ வந்தால் மயங்குதல். ‘அவே’ வந்தால் உலகை விட்டுப் போதல்.

நம் மொழியிலும் இப்பண்பு இல்லாமல் இல்லை. ‘போய் வந்தார்’, ‘போய்விட்டார்’, ‘போய்ச் சேர்ந்தார்’ என்னும் மூன்றுக்கும் வினை ஒன்றே. பொருளோ வெவ்வேறு. அதனாலன்றோ பயணம் புறப்படுவோர் ‘போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் நம் வீட்டு முதியோர் பொறுப்பதில்லை? ‘போய்ட்டு வாரேன்னு சொல்லு’ என்று திருத்துவார்கள். உடன்வரும் சொல்லின் ஆற்றலை இலக்கணம் படியாமலே அறிந்தவர்கள் அவர்கள்.

தமிழில் இறத்தல்

இளங்கலை இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் ஒருவர் காலம் பற்றிய இலக்கணத்தை நடத்திக்கொண்டிருந்தார். தொல்காப்பியர் முக்காலத்தையும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று குறிப்பார் என்றவர், “இறந்தகாலம் என்றால் செத்துப்போன காலமா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “இறத்தல் என்பதற்கு முதற்பொருள் கடத்தல். அளவிறந்த என்றால் அளவைக் கடந்த என்று பொருள். கடந்துபோன காலம் இறந்தகாலம். உலகைக் கடந்து போனவர் இறந்தவர். சாவு என்னும் பொருள் பின்னர் ஏறியது” என்றார். திருக்குறளில் வெகுளாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், வரம்பு கடந்தவர் என்னும் பொருளிலும் மாண்டவர் என்னும் பொருளிலும் வள்ளுவர் இச்சொல்லை அடுத்தடுத்து வைத்திருப்பதையும் எடுத்துக்காட்டினார்.

நான் இருக்கையில் அசையாமல் அமர்ந்திருந்தேன். கடந்த காலத்தைக் குறிக்கும் ‘பாஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘பாஸ்டு’ என்பதன் மற்றொரு வடிவமே. அங்கே கடந்தது ‘பாஸ்ட்’. கடந்தவர் ‘பாஸ்டு அவே’. இங்கே கடந்தது இறந்தகாலம், கடந்தவர் இறந்தவர். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் மரணத்தின் முன்னே ஒரே உவமையைக் கையாண்டிருக்கின்றன. எந்த அச்சத்தால் ஆங்கிலச் சொல்லை விட்டுத் தமிழுக்குள் ஓடி வந்தேனோ, அந்தச் சொல் எனக்கு முன்பே இங்கு வந்து அமர்ந்திருந்தது!

அரபு மொழியிலிருந்து நாம் பெற்ற ‘வஃபாத்’ என்னும் சொல் முழுமை பெறுதல் என்னும் கருத்தை வேராகக் கொண்டது. அழியும் இல்லத்தை விட்டு அழியா இல்லம் சென்றார் என்று நம்மவர் மரண அறிவிப்பில் எழுதுவதும் கடத்தலையே குறிக்கிறது. ஆனால் தமிழில் மற்றொரு வழக்கும் உண்டு. ‘அவர் தவறிவிட்டார்’ என்போம். தேர்வில் தோற்றவனையும் ‘தவறிவிட்டான்’ என்றே சொல்கிறோம். ஆங்கிலம் மாண்டவரைத் தேறியவருக்குரிய சொல்லால் குறிக்கிறது. நாமோ தவறியவருக்குரிய சொல்லால் குறிக்கிறோம். மகனை இழந்த உம்மம்மா இவ்விரண்டில் முன்னதைத் தேர்ந்துகொண்டார்கள். அதற்கு அவர்களுக்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

மீண்டும் ஒரு செய்தி

2020-ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா ஊரடங்கினால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டு, மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அவ்வாண்டு ஜூனில் அறிவிக்கப்பட்டது. ‘ஆல் பாஸ்’ என்று பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். அதே நாள்களில் ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டம் செல்ல ‘இ-பாஸ்’ வேண்டியிருந்தது. திருமணம், மருத்துவம், மரணம் ஆகியவற்றுக்கே அது கிடைத்தது.

ஜூலையில் ஓர் இரவு என் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. சென்னையிலிருந்த என் ராத்தாவின் மகன் அனுப்பியது. 2013 ஜூலையோடு இந்நாட்டில் தந்திச் சேவை நின்றுவிட்டது. தந்திச் சேவகரும் இல்லை, உறையும் இல்லை. ஆனால் சொற்கள் அவையே. ‘உம்மா பாஸ்டு அவே’. அன்று சீனித் தட்டு ஏந்திப் பன்னிரண்டு வீடு சென்று வந்தவள். அந்த நாளைப் பற்றி வாழ்நாள் முழுதும் என்னிடம் ஒருமுறையேனும் கேலியாகப் பேசாதவள்.

இம்முறை நான் கூவவில்லை. கடைசிச் சொல்வரை இருமுறை படித்தேன். பிறகு என் மனைவியை அழைத்துத் தமிழில் சொன்னேன். அன்றிரவே இ-பாஸுக்கு விண்ணப்பித்தோம். இசைவு வந்து சேர்ந்தபோது அங்கே அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. நோய் பரவிய காலத்தில் அவ்விதி இருந்ததற்குக் காரணம் உண்டு என்பதை அறிவேன், குறைகூற வரவில்லை. உம்மம்மா கடல் கடக்க இயலாது கரையில் நின்றது எத்தகையது என்பதை நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் என் உடலால் உணர்ந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். செப்டம்பர் முதல் நாளில் மாநிலத்துக்குள் செல்ல இ-பாஸ் தேவையில்லை என்றாயிற்று. அதன்பின் சென்னை சென்று அவள் கபுரருகே நின்று வந்தேன். அந்தப் பேறு உம்மம்மாவுக்குக் கிட்டவில்லை.

அன்பிற்குரிய மாணவர்களே! உங்களுள் பலர் உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோர் வங்கிக் கடிதத்தையும் மருத்துவர் சீட்டையும் வெளிநாட்டிலிருந்து வரும் செய்தியையும் உங்களிடமே கொண்டு வருவார்கள். ஒரு சொல் தெரியும் என்பதாலேயே செய்தி தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். எந்தச் சொல்லும் தனியே வருவதில்லை; உடன்வந்த சொல் யாதெனக் கேளுங்கள். ஐயம் தோன்றினால் அகராதியைப் பாருங்கள், அறிந்தவரிடம் கேளுங்கள், அதில் இழிவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். முப்பத்தைந்து மதிப்பெண் பெற்றவன் பாஸ் என்று நாம் எழுதிவிடுகிறோம். ஒரு சொல்லைத் தவறாகப் படித்து விழிக்கும் சிறுவன் எதிரே நின்றால், எங்கள் தெருப் பெரியவர் செய்ததுபோல் முதலில் அவன் தோளில் கைவையுங்கள். பொருளைப் பிறகு சொல்லலாம்.

உங்கள் கைக்கு ஒரு செய்தி வந்து, சுற்றி நிற்போர் உங்கள் வாயையே பார்த்திருக்கும் வேளையில், கடைசிச் சொல்வரை படித்துவிட்டு வாய் திறவுங்கள். அறுபது வயதைக் கடந்த பின்னும் நான் அப்படித்தான் படித்து வருகிறேன்.